எதில் படித்தேன் என்று கேட்காதீர்கள்

போன ஞாயிறு, ஒரு நாவலைப் பற்றிய கூட்டத்தில் மின்னூல் படிக்கும் கருவியான கிண்டிலோடு எழுந்து நின்ற என்னை மேடையில் கிண்டலடித்தது இங்கே பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேருக்கு, அதில் படிப்பதெல்லாம் வாசிப்பே இல்லை என்று மறுநாள் வந்த பதிவும் அதற்குக் கீழே விழுந்த ஹாஹாக்களும் சொல்லியிருக்கும். பேசாமல் விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். நான் மதிக்கும் ஒரு நண்பரும் அந்தப் பதிவைப் பகிர்ந்து “உண்மைதானே” என்று எழுதியதைப் பார்த்தபிறகு இருக்க முடியவில்லை.

“முதல்ல புத்தகத்தைக் கையில எடுத்துப் படிச்சுட்டு வாங்க தம்பி, அப்புறம் கருத்து சொல்லலாம்.” மேடையில் இருந்தவர் என்னைப் பார்த்துச் சொன்னது இது. அந்த நாவலைக் கடைசிப் பக்கம் வரை படித்துவிட்டுத்தான் எழுந்து நின்றேன். அடிக்கோடு போட்டு வைத்திருந்த இடத்தை வாசித்துக் காட்டத்தான் கிண்டிலைத் திறந்தேன். பாதிக் கதை வரை வீட்டையே தாங்கி நிற்கும் அந்த அக்காள் அதற்குப் பிறகு ஏன் ஒரு வரியில்கூட வரவில்லை என்பது என் கேள்வி. கேள்வி அப்படியே நின்றுபோனது. என் கையில் இருந்ததைப் பற்றித்தான் பேச்சு ஓடியது.

படித்திருக்கிறேனா என்று சோதியுங்கள். புரிந்துகொண்டது தப்பு என்றால் அடித்துச் சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன். எதில் படித்தேன் என்பதை வைத்து என்னை உட்கார வைக்காதீர்கள். வாய்க்காலில் வந்த தண்ணீர் வயலில் பாய்ந்ததா என்று பார்க்காமல் மதகு மரமா இரும்பா என்று எவனாவது கேட்பானா?

நான் எங்கே உட்கார்ந்து படிக்கிறேன் என்று அங்கே யாரும் கேட்கவில்லை. இங்கே சொல்கிறேன். குறுவை அறுத்து நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் கொட்டிவிட்டால் நம் முறை வரும்வரை அங்கேயேதான் கிடக்க வேண்டும். அது ஐப்பசி மழை தொடங்கும் நேரம். 17 சதவீதத்துக்கு மேல் ஈரம் இருந்தால் எடுக்க மாட்டார்கள். தூறல் விழுந்தால் தார்ப்பாயை இழுத்து மூட வேண்டும், வெயில் தலைகாட்டினால் பிரித்துக் கிளறிவிட வேண்டும். ராத்திரிக் காவல் வேறு. இருக்கிற கம்பத்து விளக்கைச் சுற்றிப் பச்சைத் தத்துப்பூச்சி மொய்க்கும். டார்ச் அடித்துக்கொண்டு தாளில் படித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், இரண்டு பத்தி தாண்டுவதற்குள் பக்கம் முழுக்கப் பூச்சி. தட்டிவிட்டால் எழுத்தின் மேல் பச்சையாக நசுங்கும். கையிலும் கழுத்திலும் நெல் சுணை அரிக்கும். அந்த இடத்தில், குவியலில் சாய்ந்துகொண்டு, கிண்டிலின் வெளிச்சத்தைக் கடைசிக் கோடு வரை குறைத்து வைத்து நான் படித்திருக்கிறேன். அதில் படித்ததெல்லாம் வாசிப்பு இல்லை என்கிறீர்களா?

“கண்ணாடியைத் தடவுவது வாசிப்பா” என்று ஒருவர் கேட்டிருந்தார். போனையும் இதையும் ஒன்றாகப் போட்டுப் பேசுகிறார். போன் திரை கண்ணுக்குள் வெளிச்சம் அடிக்கும். இதன் திரையில் மிகச் சிறிய குமிழ்களுக்குள் கருப்பும் வெள்ளையுமாகத் துகள்கள் இருக்கின்றன. மின்சாரம் அவற்றை மேலும் கீழும் நகர்த்தி எழுத்தாக நிறுத்திவிட்டுப் போய்விடும். பக்கம் மாறும்போதுதான் திரைக்கு மின்சாரம் வேண்டும், அதனால்தான் ஒருமுறை சார்ஜ் ஏற்றினால் வாரக்கணக்கில் ஓடுகிறது. நடுவில் வாட்ஸப் சத்தம் கிடையாது. எனக்கு வெள்ளெழுத்து வந்துவிட்டது. மலிவுப் பதிப்புகளின் எறும்பு எழுத்தைக் கண்ணாடி போட்டும் படிக்க முடிவதில்லை. இதில் எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்கிறேன். நான் இன்னும் படித்துக்கொண்டிருப்பதற்கே அதுதான் காரணம்.

அப்புறம் அந்த வாசனை. புதுப் புத்தக வாசனை, பழைய புத்தக வாசனை என்று எத்தனை பேர் எழுதியிருந்தீர்கள்! புத்தகம் கெட்டுப்போன வாசனை என்ன என்று எனக்குத் தெரியும். 2018 நவம்பர் 16 விடியற்காலை வேதாரண்யத்துக்கும் நாகப்பட்டினத்துக்கும் இடையில் கஜா புயல் கரையேறியபோது எங்கள் வீட்டு ஓடு மொத்தமும் போனது. அப்பா சேர்த்து வைத்த புத்தகங்கள் இருந்த மர பீரோ மேலே வானத்தைப் பார்த்து நின்றது. மழை விட்டபிறகு களத்தில் தார்ப்பாய் விரித்து ஒவ்வொன்றாகக் காயவைத்தோம். சாதாரணத் தாள் உப்பிப் போனாலும் பிழைத்துக்கொண்டது. வழவழப்பான தாளில் அச்சடித்தவை ஒரே பலகையாக ஒட்டிக்கொண்டன. தென்னை ஈர்க்கைப் பக்கங்களுக்கு நடுவே நுழைத்து அம்மா மெதுவாக நெம்புவாள், எழுத்து ஒரு பக்கத்திலிருந்து உரிந்து எதிர்ப்பக்கத்தில் தலைகீழாக ஒட்டிக்கொண்டு வரும். அப்பா கிட்டே வரவே இல்லை. விழுந்து கிடந்த தென்னைகளைப் பார்க்கப் போகிறேன் என்று கொல்லைப் பக்கம் போய்விட்டார். தேறாததையெல்லாம் கடைசியில் எருக்குழியில்தான் போட்டோம்.

அச்சுப் புத்தகத்தின் மேல் எனக்கு அன்பு இல்லை என்று என் முகத்துக்கு நேரே சொல்வதற்கு முன்னால் இதைக் கொஞ்சம் யோசித்திருக்கலாம். பிழைத்த புத்தகங்கள் இன்றும் என் வீட்டில்தான் இருக்கின்றன. அவற்றையும் படிக்கிறேன், இதிலும் படிக்கிறேன்.

இன்னொரு கேள்வி நியாயமானது, அதை மட்டும் மறுக்க மாட்டேன். கிண்டிலில் காசு கொடுத்து வாங்கினாலும் புத்தகம் நமக்குச் சொந்தமில்லை, படிக்க அனுமதிதான் வாங்குகிறோம். 2009-ல் ஜார்ஜ் ஆர்வெல் நாவல்களை, விற்றவருக்கு உரிமை இல்லை என்று சொல்லி, வாங்கியவர்களின் கருவிகளிலிருந்தே அமேசான் அழித்தது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள், பிறகு மன்னிப்பும் கேட்டார்கள். வீட்டுக்குள் வந்து அலமாரியிலிருந்து எடுத்துக்கொண்டு போனதுதான் அது, வேறென்ன? 2025 பிப்ரவரியில், வாங்கிய புத்தகத்தைக் கணினியில் இறக்கி யூஎஸ்பி கேபிள் வழியாக ஏற்றும் வசதியையும் எடுத்துவிட்டார்கள். நகலெடுக்க முடியாதபடி பூட்டுப் போட்ட புத்தகத்தை நண்பருக்கு இரவல் கொடுக்கவும் முடியாது. இதில் எனக்கும் கோபம் உண்டு. இதைப் பேச ஒரு கூட்டம் போடுங்கள், முதல் ஆளாக வருகிறேன். ஆனால் அன்றைக்கு யாரும் இதைப் பேசவில்லையே. வாசனையைத்தானே பேசினீர்கள்?

என் கருவியில் இருப்பதில் பெரும்பகுதி பூட்டில்லாதது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில், உலகத்தின் எந்தெந்த மூலையிலோ இருந்துகொண்டு தமிழ் நூல்களை ஒவ்வோர் எழுத்தாகத் தட்டச்சு செய்து இலவசமாகக் கொடுத்தவர்களின் உழைப்பு அது. அந்த மனிதர்கள் மேல் உங்களுக்குக் கொஞ்சம்கூட நன்றி இல்லையா?

பதிப்பாளர் வயிற்றில் அடிக்கிறோம் என்பவர்களுக்கு: மாவட்டப் புத்தகத் திருவிழாவில் பை நிறைய வாங்கி, பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தவன் நான். அந்தக் கணக்கை உங்களுக்குக் காட்ட வேண்டியதில்லை.

நீங்கள் பெருமையாகச் சொல்லும் இதே மண்ணின் கதையைச் சொல்கிறேன். சீர்காழியில் 1892-ல் பிறந்தவர் எஸ்.ஆர்.ரங்கநாதன். நூலக அறிவியலுக்கு அவர் வகுத்த ஐந்து விதிகளில் முதலாவது, நூல்கள் பயன்பாட்டுக்கே. இரண்டாவது, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல். அந்த விதிகள் வெளிவந்த அதே 1931-ல்தான் மன்னார்குடி மேலவாசலில் கனகசபைப் பிள்ளை மாட்டுவண்டியில் நூலகம் நடத்தத் தொடங்கினார். நூலகத்துக்கு வர முடியாதவனிடம் நூலகமே வண்டி கட்டிக்கொண்டு போனது. அந்த வண்டியிலிருந்து வாங்கி வரப்பில் உட்கார்ந்து படித்தவனிடம், நீ மேசை நாற்காலி போட்டுப் படிக்கவில்லை, அதனால் நீ வாசகன் இல்லை என்று யாராவது சொல்லியிருப்பார்களா? எங்கள் ஊர்ப்புற நூலகம் திறந்திருக்கும் நேரத்தில் நான் வயலில் இருப்பேன். நான் கரையேறும் நேரத்தில் அது பூட்டியிருக்கும். நூலகர் மேல் குறை இல்லை, அவருக்கு ஒதுக்கிய நேரமே அவ்வளவுதான். வீட்டு வரியோடு நூலக வரியும் கட்டுகிறோம். எங்கள் நேரத்துக்குப் புத்தகம் எப்படி வரும் என்று எந்தக் கூட்டத்திலாவது பேசியிருக்கிறோமா? கூத்தாநல்லூரிலும் முத்துப்பேட்டையிலும் வீட்டுக்கு ஒருவர் வெளிநாட்டில். சவூதியில் ஒரு அறைக்கு ஆறு பேராகத் தங்கியிருக்கும் பையன் தமிழ்ப் புத்தகத்துக்கு எங்கே போவான்? அவனும் கையில் எடுத்துப் படித்துவிட்டு வர வேண்டுமா?

இதை எழுதும்போதே இன்னொன்று நெஞ்சை அறுக்கிறது. அந்தப் பதிவுக்குக் கீழே ஒருவர், “நெல்லுக்கு விலை இல்லைன்னு அழுவாங்க, கையில பாருங்க கிண்டில்” என்று எழுதியிருந்தார். அதற்குத்தான் ஹாஹா அதிகம். அது தங்கச்சி மகன் புதிது வாங்கியபோது எனக்குக் கொடுத்த பழைய கருவி. சரி, நானே காசு போட்டு வாங்கியிருந்தால்தான் என்ன? சில மூட்டை நெல்லின் விலை. அதே காசுக்கு நான் போன் வாங்கியிருந்தால் யாரும் வாய் திறந்திருக்க மாட்டீர்கள். படிப்பதற்கு வாங்கினால் மட்டும் உறுத்துகிறது. அன்று சிரித்தவர்கள் அந்தக் கருவியை மட்டும் பார்த்துச் சிரித்ததாக இப்போது எனக்குத் தோன்றவில்லை.

“அவர் பெரியவர், வேடிக்கையாகச் சொன்னார், இதைப் போய் இவ்வளவு தூரம் எடுத்துக்கொள்ளலாமா” என்று நேற்று போன் செய்த அண்ணனுக்கும் இதுதான் பதில். அவர் எழுத்தைப் படித்து வளர்ந்தவன்தான் நானும். வேடிக்கை என்றால் வேடிக்கை முடிந்ததும் கேள்விக்குப் பதில் சொல்லியிருப்பார். பதில் சொல்லாமல் அடுத்தவரைப் பேசக் கூப்பிட்டார். பக்கத்தில் இருந்த நீங்களும் சிரித்தீர்கள் அண்ணே, நான் பார்த்தேன்.

கொள்முதல் நிலையத்தில் என்னோடு காத்துக் கிடந்த தம்பிகள் சிலர், பூட்டில்லாத தமிழ் நூல்களைத் தங்கள் போனில் ஏற்றித் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். நாட்டுடைமையான கதைகள், கட்டுரைகள், அவற்றோடு சங்க நூல்கள் என்று பிரித்து எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறேன். மன்னார்குடி, நீடாமங்கலம் பக்கம் வேறு யாருக்கு வேண்டுமென்றாலும் உள்பெட்டியில் சொல்லுங்கள். எந்தப் போன், எந்தக் கருவி என்பதையும் சேர்த்து எழுதினால் அதற்கேற்ற கோப்பாக அனுப்ப வசதியாக இருக்கும்.