நீலக்கால் கோழிக்காக ஒரு கிராமத்துக்குப் போனோம்

பிரான்ஸில் நல்ல உணவகம் என்றாலே நம்மவர்கள் ஒரே படத்தைத்தான் பகிர்கிறார்கள். பெரிய தட்டு, நடுவில் கட்டைவிரல் அளவுக்கு ஏதோ ஒன்று, ஓரத்தில் இரண்டு இலை, கீழே "இதுக்கா இவ்ளோ காசு" என்று வரிசையாகக் கமெண்ட். பன்னிரண்டு வருஷமாக லியோனில் இருக்கிறேன், இந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஆற்றாமையாக இருக்கும். இந்த நாட்டின் மிக நல்ல சாப்பாட்டை நான் கிராமங்களில்தான் சாப்பிட்டிருக்கிறேன், அங்கே அரைவயிற்றோடு எழுந்ததே கிடையாது.

போன வியாழக்கிழமை, ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பாவையும் கூட்டிக்கொண்டு, கோழிக்குப் பேர்போன பிரெஸ் வட்டாரத்துப் பக்கம் போனோம். ரயிலில் ஒரு மணி நேரம் போல பூர்-ஆன்-பிரெஸ், அங்கிருந்து வாடகைக் கார். ஒரு தேவாலயம், ஊராட்சி அலுவலகம், பேக்கரி, எதிரே பத்து மேசை போட்ட உணவகம், அவ்வளவுதான் ஊர்.

பிரெஸ் கோழி பற்றித் தெரியாதவர்களுக்கு: சிவப்புக் கொண்டை, வெள்ளை இறகு, நீலக் கால், அப்படியே பிரெஞ்சுக் கொடியின் மூன்று நிறம். 1957லிருந்தே இதற்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு, இந்த வட்டாரத்துக்கு வெளியே வளர்த்த கோழியை இந்தப் பெயரில் விற்க முடியாது. ஒரு கோழிக்குக் குறைந்தது 10 சதுர மீட்டர் புல்வெளி விட வேண்டும். பிராய்லரை ஆறேழு வாரத்தில் அறுத்துவிடுகிற காலத்தில் இதை ஏறத்தாழ நான்கு மாதம் வளர்க்கிறார்கள். கிறிஸ்துமஸுக்கு வரும் காயடித்த சேவலுக்கு எட்டு மாதம். காலில் மாட்டும் வளையத்தில் வளர்த்தவர் பெயர் இருக்கும். கடைசி நாட்களில் மரக்கூண்டில் அடைத்துச் சோளமும் பாலும் கொடுத்துக் கொழுக்க வைக்கிறார்கள், அதில் மட்டும் எனக்கு முழு சம்மதம் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும்.

அன்றைக்கு அந்தக் கோழியை க்ரீமிலும் காளானிலும் சமைத்துச் செம்புப் பாத்திரத்தோடு மேசைக்கே கொண்டு வந்தார்கள். முதலில் நெஞ்சுக்கறி. அதைச் சாப்பிட்டு முடித்து, ரொட்டியால் தட்டை வழித்துத் தின்ற பிறகு, தட்டை மாற்றித் தொடைக்கறி இரண்டாவது தடவையாக வந்தது. அப்பா ரொம்ப நேரம் பேசவே இல்லை. அப்புறம் தொடை எலும்பைக் கையில் எடுத்து, நுனியைக் கடித்து, அது லேசில் உடையாததைப் பார்த்துவிட்டு, "நல்லா ஓடி மேஞ்ச கோழிடா இது" என்றார். பரிமாறிய அம்மாவிடம் அதைப் பிரெஞ்சில் சொன்னேன். அவர் முகம் மலர்ந்து மெனு அட்டையைத் திருப்பி, கீழே சின்ன எழுத்தில் அச்சடித்திருந்த ஒரு பெயரைக் காட்டினார். கோழி வளர்த்தவர் பெயர், அவருடைய ஊர். காரில் பத்து நிமிஷத் தொலைவு.

நான் சொல்ல வருவது இதுதான். க்ரீம் அந்த வட்டாரத்துப் பால், மேசைக்குத் தள்ளிக்கொண்டு வரும் சீஸ் வண்டியில் பாதி பக்கத்துப் பண்ணைகளில் செய்தது, ரொட்டி எதிர்க்கடை ரொட்டி. அந்தச் சமையலறை ஒழுங்காக ஓடினால் அதைச் சுற்றி ஐந்தாறு குடும்பம் விவசாயத்தை விடாமல் இருக்கும். மெனுவின் விலையைப் பார்க்கிறவர்கள் அந்தக் காசு எங்கே போகிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

இந்தச் சமையல் பாரிஸ் அரண்மனையிலிருந்து இறங்கி வந்ததும் கிடையாது. இந்த வட்டாரத்துப் பெண்கள் உண்டாக்கியது. வோனாஸ் கிராமத்தில் எலிசா பிளான், ப்ரியே கிராமத்தில் மரி பூர்ஷுவா. அப்புறம் எஜெனி பிராஸியே, சின்ன வயதிலேயே பண்ணை வேலைக்குப் போனவர், 1933இல் லியோன் கடைக்கும் மலையில் இருந்த இன்னொரு கடைக்கும் தலா மூன்று மிஷ்லன் நட்சத்திரம் வாங்கினார். அதே வருஷம் மரி பூர்ஷுவாவும் மூன்று நட்சத்திரம் வாங்கினார். டயர் கம்பெனி போடும் வழிகாட்டிப் புத்தகம் அது, மூன்று நட்சத்திரம் என்றால் இதற்காகவே பயணம் போகலாம் என்று பொருள்.

இன்றைக்கும் அது நடக்கிறது. தெற்கே கோர்பியேர் மலைப்பகுதியில் ஃபோன்ஷோங்கூஸ் என்று நூற்றுச்சொச்சம் பேர் மட்டுமே வாழும் ஓர் ஊர். ஷில் கூஷோன் என்ற சமையல்காரர் 1992இல் அங்கே போய்க் கடை எடுத்தார், 2010இல் மூன்றாவது நட்சத்திரம் வந்தது. வேறு எதற்காக அந்த மலைப்பாதையில் வெளியூர்க் கார்கள் ஏறும்?

எனக்கும் ஒரு கோபம் இருந்தது. சில வருஷம் முன்பு இன்னொரு கிராமத்தில் மதியம் ஒன்றே முக்காலுக்குப் போய் நின்றோம். மேசைகள் காலியாக இருந்தும் "சமையலறை மூடியாச்சு" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். குழந்தை பசியில் அழுதது, அந்த வலி இன்னும் இருக்கிறது. ஆனால் அடுப்பில் ஒருவர், பரிமாற ஒருவர் என்று நடத்தும் கடைக்கு அந்த நேரக் கண்டிப்பு இல்லாமல் முடியாது என்று இப்போது புரிகிறது. ஞாயிறு இரவும் திங்களும் மூடுகிற கடைகள் நிறைய, அதையும் பார்த்துக்கொண்டு கிளம்புங்கள்.

காசு விஷயம். வார நாள் மதிய மெனு ஆளுக்கு 38 யூரோ. முன் உணவு, கோழி, சீஸ், இனிப்பு எல்லாம் சேர்த்து. பரிமாறும் கட்டணம் விலையிலேயே அடக்கம், டிப்ஸ் உங்கள் விருப்பம். குழாய்த் தண்ணீரும் ரொட்டியும் சாப்பாட்டோடு இலவசம், இது சட்டம், கூச்சப்படாமல் கேளுங்கள். இரவு மெனு இதைவிட நிறையவே ஆகும், அதனால் மதியமே போங்கள், கட்டாயம் போன் செய்து இடம் பிடித்துவிட்டு.

பன்னிரண்டே காலுக்கு உட்கார்ந்து மூன்று மணிக்கு எழுந்தோம். யாரும் பில்லைக் கொண்டுவந்து வைக்கவில்லை, நாங்கள் கேட்ட பிறகுதான் வந்தது. மோரெல் காளான் வசந்தத்தில் புதிதாக வரும் என்று அந்த அம்மா சொன்னார். ஏப்ரலுக்கு மூன்று பேருக்கு இடம் சொல்லி வைத்துவிட்டேன். அப்பா டிக்கெட்டைத் தள்ளிப்போட ஒத்துக்கொண்டார்.