கேமரா பார்த்தால் மட்டும் போதுமா?
உலோகத் தூளை லேசரால் அடுக்கடுக்காக உருக்கிப் பொருள் செய்யும் உலோக 3டி அச்சில் ஒவ்வொரு அடுக்கையும் கேமரா பார்த்துக்கொண்டே இருப்பதால், முடிந்த பொருளைத் தனியாகச் சோதிக்க வேண்டியதில்லை என்று நான் படித்த ஒரு கட்டுரை சொல்கிறது. எனக்கு ஒப்பவில்லை.

நான் ராமேசுவரம் பக்கத்து மண்டபம் ஊரில் விசைப்படகுகளுக்கு வெல்டிங் செய்கிறவன். வேறொரு பட்டறையில் பற்றவைத்த ஷாஃப்ட் ஒன்று கடலில் முறிந்து என்னிடம் வந்தது. மேலே கண்ணாடிப் பளபளப்பு. முறிந்த முகத்தில் மிளகு மிளகாக ஓட்டை.

லேசர் தூளை உருக்கும்போதும் இதே கதைதான். சூடு கூடினால் ஆவி ஆழமாகக் குழி பறிக்கும். குழி இடிந்தால் வாயுக் குமிழ் உள்ளே மாட்டிக்கொள்ளும். சூடு குறைந்தால் தூள் உருகாமலே கிடக்கும். உருகிய குட்டையின் ஒளியை அளக்கும் சென்சார் இதற்கெல்லாம் சந்தேகம் எழுப்பும், அவ்வளவுதான். அடுத்த அடுக்கு விழும்போது கீழே உள்ளதும் கொஞ்சம் மறுபடி உருகுவதால் சில ஓட்டைகள் தானாகவே மூடிவிடும். அதனால் முடிந்த பொருளின் உள்ளே படம் பிடிக்கும் சிடி ஸ்கேனோடு ஒப்பிட்டுப் பார்த்துத்தான் சென்சார் சொல்வதை நம்பலாம்.

2024 மே மாதம் இஸ்ரோ சோதித்த 3டி அச்சு பிஎஸ்4 எஞ்சினில் (பிஎஸ்எல்வி ராக்கெட்டின் நான்காம் கட்ட எஞ்சின்) 14 பாகங்கள் ஒன்றாகி, 19 வெல்டிங் இணைப்புகள் இல்லாமல் போயின. (உன் பிழைப்பு போச்சு என்று மச்சான் சிரித்தார்.) அதையும் மகேந்திரகிரி சோதனை மையத்தில் 665 விநாடி எரித்துப் பார்த்தார்களே!

அப்புறம், ஈரம். எங்கள் கடற்கரைக் காற்றில் வெல்டிங் ராடு பாக்கெட்டைத் திறந்து வைத்தாலே நமத்துவிடும். உலோகத் தூளும் ஈரம் பிடித்தால் சீராகப் பரவாது. அதைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை.