சக்கரத்தைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள்

'சர்வீஸ் சென்டரில் சொல்வதை நம்பலாமா' என்று கேட்டிருக்கிறீர்கள். நான் மன்னார்குடி பக்கம். போன மாதம் தஞ்சாவூரில் காரை 40,000 கிலோமீட்டர் சர்வீஸுக்கு விட்டேன். மதியமே போன் வந்தது. "சார், முன் பிரேக் பேட் போயிடுச்சு, இன்ஜெக்டர் கிளீனிங்கும் பண்ணணும்." பேட் என்பது பிரேக் பிடிக்கும்போது உரசித் தேயும் பட்டை, இன்ஜெக்டர் என்பது இன்ஜினுக்குள் எரிபொருளைப் பீய்ச்சும் பாகம். எதிலும் கை வைக்காதீர்கள் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

சக்கரத்தைக் கழற்றி, என் கண் முன்னால் பேடை அளக்கச் சொன்னேன். 6 மில்லிமீட்டர் இருந்தது! புதிதில் சுமார் 10 இருக்கும், 3-க்கு வரும்போது மாற்றினால் போதும். இன்ஜெக்டர் கிளீனிங் என் வண்டியின் கையேட்டு அட்டவணையிலேயே இல்லை. இரண்டையும் பட்டியலிலிருந்து நீக்கச் சொன்னேன்.

ஆனால் பிரேக் ஆயிலை மாற்றச் சொன்னது நியாயம். இரண்டு வருடம் தாண்டிவிட்டது, அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும், கொதிநிலை இறங்கும். மலை இறக்கத்தில் சூடேறி ஆயில் கொதித்தால் பிரேக் பிடிக்காமல் போகலாம். எலி கடித்த வயரையும் காட்டினார்கள், அதுவும் உண்மைதான். எங்கள் ஊரில் அறுப்பு முடிந்தால் வயல் எலியெல்லாம் பானெட்டுக்குள்தான். அதனால் எல்லாவற்றையும் பொய் என்று தள்ளிவிடாதீர்கள். எஸ்டிமேட்டை முதலில் வாட்ஸ்அப்பில் வாங்குங்கள், மாற்றிய பழைய பாகத்தை டிக்கியில் போடச் சொல்லுங்கள்.