மறுபடியும் இரண்டாம் வகுப்பிலேயே உட்காரவைப்பதா?

சென்ற ஏப்ரலில், முழு ஆண்டுத் தேர்வு முடிந்த மறுநாள், மகன் படிக்கும் தனியார் பள்ளியிலிருந்து எங்களை வரச் சொன்னார்கள். மூன்றாம் வகுப்பில் அவன் திணறிப்போவான், இன்னும் ஓராண்டு இரண்டாம் வகுப்பிலேயே இருக்கட்டும் என்று வகுப்பாசிரியை பரிவோடுதான் சொன்னார். கூடவே, ‘பெற்றோர் விருப்பத்தின் பேரில்’ என்று ஒரு கடிதம் எழுதித் தரும்படி அலுவலகத்தில் கேட்டார்கள். அந்தக் கடிதத்தை எழுத எனக்குக் கை வரவில்லை.

அவனுக்கு எட்டு வயது. மூன்று வயது கடந்த பிறகே இரண்டு சொற்களைச் சேர்த்துப் பேசினான். வளர்ச்சித் தாமதம் என்று மருத்துவர் சொன்னதிலிருந்து பேச்சுப் பயிற்சியும், அன்றாட வேலைகளைத் தானே செய்யப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபியும் தொடர்கின்றன. யுகேஜியை இரண்டு முறை படிக்கவைத்தது நாங்களேதான். அதில் எனக்கு இன்றும் வருத்தமில்லை. அப்போது தண்ணீர் வேண்டும் என்று கேட்கக்கூட அவனுக்கு வாய் வரவில்லை, அந்த ஓராண்டில் வாரம் மூன்று நாள் பயிற்சிக்கு அழைத்துப் போய் அதைச் சரிசெய்தோம். ஆகவே, ஒரே வகுப்பில் மறுபடி இருப்பதே தவறு என்று சொல்ல நான் வரவில்லை. இந்த முறை அந்தக் கூடுதல் ஓராண்டில் என்ன மாறும் என்று கேட்டபோது, அதே பாடங்களை இன்னொரு முறை நடத்துவோம் என்பதைத் தவிரப் பள்ளியிடம் பதில் இல்லை.

கணக்குத் தேர்வில் ஐம்பதுக்கு ஒன்பது வாங்கியிருந்தான். அந்த வினாத்தாளை வீட்டில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு கேள்வியாக வாயால் கேட்டேன்; பாதிக்கு மேல் சரியாகச் சொன்னான். தெருமுனைக் கடையில் இருபது ரூபாய் கொடுத்துப் பதினான்கு ரூபாய்க்குப் பொருள் வாங்கினால், மீதி ஆறு ரூபாயை எண்ணிப் பார்க்காமல் கடையை விட்டு நகர மாட்டான். பென்சிலை இன்னும் கைக்குள் பொத்தித்தான் பிடிக்கிறான், நாலு வரி எழுதுவதற்குள் விரல் வலித்து வைத்துவிடுகிறான். அவனைத் தடுப்பது எழுத்து என்றால், தெரிந்த கூட்டலை இன்னும் பத்து மாதம் சொல்லிக்கொடுப்பதால் அந்தத் தடை எப்படி நீங்கும்?

சட்டத்தையும் படித்துப் பார்த்தேன். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தக் குழந்தையையும் அதே வகுப்பில் நிறுத்தக் கூடாது என்றது. 2019-இல் வந்த திருத்தம் ஐந்து, எட்டாம் வகுப்புகளுக்கு மட்டுமே விலக்குத் தந்தது. இரண்டாம் வகுப்பு அந்த விலக்கில் வராது. பெற்றோர் கையெழுத்தை எதற்காகக் கேட்டார்கள் என்பது அதன் பிறகே எனக்கு விளங்கியது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமோ, தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுத ஓர் ஆள், பாடத்திட்டத்திலும் தேர்வு முறையிலும் தகுந்த மாற்றங்கள் என்று வெளிப்படையாகவே பேசுகிறது. இவற்றில் ஒன்றைக்கூட முயன்று பார்க்காமல் நேராக வகுப்பில் நிறுத்துவதற்கு வந்துவிட்டார்கள் என்பதே என் மனக்குறை.

நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு அந்த ஆசிரியை படும் பாட்டை நான் குறைத்து மதிப்பிடவில்லை. மூன்றாம் வகுப்பில் பாடப் பத்திகள் நீளும், பெருக்கலோடு வகுத்தலும் சேரும். அவருடைய பயம் பொய்யில்லை. ஆனால், அரசுப் பள்ளிகளில் 2022-இல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் ஒரே வகுப்பறையிலேயே பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துச் சொல்லிக்கொடுக்கிறார்கள். பிள்ளையை வகுப்பு மாற்றாமலே அவன் நிலைக்கு இறங்கிவர முடியும் என்பதற்கு அது போதும்.

இன்னொன்றும் என்னைத் தடுத்தது. சாப்பாட்டு மணி அடித்ததும் இவனுடைய டிபன் டப்பாவின் இறுகிய மூடியைத் திறந்து கொடுக்கும் ஒரு சிறுமி அந்த வகுப்பில் இருக்கிறாள். இவன் திக்கித் திக்கிச் சொல்வதை ஆசிரியைக்குப் புரியும்படி எடுத்துச் சொல்பவளும் அவள்தான். யுகேஜியில் ஏற்கெனவே ஓராண்டு போய்விட்டதால், இப்போதும் நிறுத்தினால் தன்னைவிட இரண்டு வயது சிறிய பிள்ளைகளோடு உட்கார்ந்து, புதிதாக ஒரு தோழமையைத் தேடிக்கொள்ள வேண்டும். பேசுவதே பாடாக இருக்கும் பிள்ளைக்கு அது சிறிய இழப்பில்லை.

கடிதம் கொடுக்கவில்லை. ஜூனில் மூன்றாம் வகுப்புக்குப் போனான். வீட்டுப்பாடத்தைப் பாதியாகக் குறைக்கவும், கணக்கை வாய்மொழியாகக் கேட்கவும் பள்ளி ஒப்புக்கொண்டிருக்கிறது. தமிழுக்கு இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. காலாண்டுத் தேர்வுக்கு முன் மருத்துவர் அறிக்கையோடு போய் மறுபடியும் கேட்கப் போகிறேன்.