சேர்க்கச் சொல்ல ஆள் உண்டு, நிறுத்தச் சொல்ல?

திருப்பாதிரிப்புலியூரில் கிளினிக் வைத்திருக்கிற எனக்குப் புது மருந்துச் செய்திக்குப் பஞ்சமே இல்லை. மதியம் கடைசி டோக்கன் முடிகிற நேரத்தில் மருந்துக் கம்பெனி ரெப் தம்பிகள் பையோடு நிற்பார்கள். அவ்வப்போது பாண்டியில் நல்ல ஹோட்டலாகப் பார்த்து சி.எம்.இ. (டாக்டர்களுக்கான தொடர் கல்விக் கூட்டம்) அழைப்பு வரும், டின்னரோடு. (ஐந்து வருஷத்துக்கு 30 மணி நேரம் கணக்குக் காட்ட வேண்டுமே, போகாமல் முடியாது.) ஆனால் ஒரு மருந்தை நிறுத்துங்கள் என்று அங்கே யாரும் ஸ்லைடு போட்டு நான் பார்த்ததில்லை.

2018-இல் ஆஸ்பிரீ ஆய்வு வந்தது. ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் 19,000-க்கும் மேற்பட்ட முதியவர்கள், பெரும்பாலும் 70 தாண்டியவர்கள். இதய நோயோ பக்கவாதமோ வராதவர்கள். ரத்தம் கட்டாமல் இருக்கப் போடுகிற ஆஸ்பிரினைத் தினம் 100 மி.கி. கொடுத்துப் பார்த்தார்கள். ஆயுசு கூடவில்லை, ரத்தக்கசிவுதான் கூடியது. 2022-இல் அமெரிக்கத் தடுப்பு மருத்துவப் பணிக்குழு, 60 வயதுக்கு மேல் முன்தடுப்புக்காக (இதய நோய் வராதவர்களுக்கு, வராமல் தடுக்க) இதைப் புதிதாக ஆரம்பிக்க வேண்டாம் என்றே எழுதிவிட்டது.

இங்கே என்ன நடக்கிறது? நெல்லிக்குப்பம் பக்கத்து ஆயா ஒருவர் மேஜையில் மஞ்சப்பையைக் கவிழ்த்தார். பிரஷர் மாத்திரை, 75 மி.கி. ஆஸ்பிரின், வயிற்றெரிச்சலுக்குப் பான்டோபிரசோல், சோகைக்கு இரும்புச்சத்து. ஸ்டென்ட் இல்லை, அட்டாக் வந்ததில்லை, கைகால் இழுத்ததும் இல்லை.

"இந்தச் சின்ன மாத்திரைய யாரு ஆயா எழுதிக் குடுத்தது?"

"பிரஷருக்குப் போனப்ப எப்பவோ எழுதுனது சார். பழைய அட்டையக் காட்டுனா கடையில குடுத்துடுறான்."

ஆஸ்பிரின் போட்ட முதியவர்களுக்குச் சோகை 20 சதவீதம் அதிகம் என்று அதே ஆய்விலிருந்து 2023-இல் வந்த கட்டுரை சொல்கிறது. ஒரு மாத்திரை, அதன் தொந்தரவுக்கு இன்னும் இரண்டு. (ஸ்டென்ட் வைத்தவர்கள், அட்டாக் வந்தவர்கள் இதைப் படித்துவிட்டு ஆஸ்பிரினை நிறுத்திவிடாதீர்கள். உங்கள் கணக்கே வேறு.)

சேர்க்கிற செய்தி மட்டும் எப்படி வருகிறது பாருங்கள். இதய நோயுள்ள சர்க்கரைக்காரர்களுக்கு எம்பாகிளிஃப்ளோசின் என்ற சர்க்கரை மாத்திரை கொடுத்தால் இதயச் சாவு 38 சதவீதம் குறைகிறது என்று 2015 ஆய்விலேயே தெரியும். மாத்திரை ஒன்று 60 ரூபாய் சுமாருக்கு விற்றவரை எங்கள் தெருவில் அதைப் பற்றிப் பேச்சே குறைவு. 2025 மார்ச்சில் காப்புரிமை முடிந்து 10 ரூபாய்க்குக் கீழே கம்பெனிகள் இறக்கின, என் மேஜையில் சாம்பிள் குவிந்துவிட்டது. நல்ல மருந்து, நானும் எழுதுகிறேன். அந்த ஆய்வை எங்களிடம் கொண்டுவந்து சேர்த்தது விலைதான் என்பதுதான் உறுத்துகிறது.

அட்டாக்குக்குப் பிறகு பீட்டா பிளாக்கர் (இதயத் துடிப்பைக் குறைக்கிற மாத்திரை) ஆயுசுக்கும் வேண்டுமா? 2025 ஆகஸ்டில் மாட்ரிட் இதய மருத்துவ மாநாட்டில் இரண்டு விதமாகப் பதில் வந்தது. ஸ்பெயின், இத்தாலியில் நடந்த ரீபூட் ஆய்வு, இதயத்தின் பம்பிங் 40 சதவீதத்துக்கு மேல் இருந்தால் பலனில்லை என்றது. நார்வே, டென்மார்க்கில் நடந்த ஆய்வு, கொஞ்சம் உண்டு என்றது. உட்கார்ந்து சண்டை போட்டுப் பேச வேண்டிய விஷயம். மெட்டோபுரோலால் மாதிரி பீட்டா பிளாக்கர் விற்கிற விலைக்கு யார் ஸ்பான்சர் பண்ணுவார்கள்?

ரெப் தம்பிகளைத் திட்டிப் பயனில்லை, அவர்களுக்கு டார்கெட். கடலூர், பண்ருட்டி, பாண்டி பக்கம் பிராக்டீஸ் பண்ணுகிறவர்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஸ்பான்சர் இல்லாமல் கூடலாம். எதை நிறுத்தலாம் என்பது மட்டுமே பேச்சு. டிபன் செலவை நாமே போட்டுக்கொள்வோம். முதல் கூட்டத்துக்கு ஆஸ்பிரின் என் பொறுப்பு. நிமோனியாவுக்கு ஆன்டிபயாடிக் எத்தனை நாள் போதும் என்று பேசக் குழந்தை மருத்துவர் ஒருவர் வேண்டும். வருகிறவர்கள் இன்பாக்ஸில் சொல்லுங்கள்.