ஒரு நட்சத்திர விமர்சனமும் வயிற்றுப்போக்கும்

உல்லாசப் பயணக் கப்பல் நிறுவனம் ஒன்றைப் பற்றி, "ஒரு நட்சத்திர விமர்சனங்களில் பாதிப் பேர் வயிற்றுப்போக்கு என்கிறார்கள், அந்த நிறுவனத்தின் எல்லாக் கப்பலும் அசுத்தம்தான்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அது சரியில்லை.

சுகாதாரத்தை விமர்சனத்தை வைத்து ஊகிக்கத் தேவையே இல்லை. அமெரிக்கத் துறைமுகங்களுக்கு வரும் பெரிய பயணக் கப்பல்களை அந்நாட்டு அரசின் நோய்த் தடுப்பு அமைப்பான சிடிசி முன்னறிவிப்பின்றிச் சோதித்து, 100-க்கு மதிப்பெண் போட்டு, கப்பல் பெயரோடு வெளியிடுகிறது. 85 அல்லது அதற்குக் கீழே என்றால் தோல்வி. பயணிகளிலோ ஊழியர்களிலோ 3 சதவீதம் அல்லது அதற்கு மேற்பட்டோருக்கு வயிற்று நோய் வந்தால் பெரும்பாலும் அதையும் அறிவித்துவிடுவார்கள். வாந்தி, வயிற்றுப்போக்கை உண்டாக்கும் நோரோவைரஸ் ஒரு பயணியின் கையோடு ஏறி வந்தாலே போதும், கப்பல் பளபளவென்று இருந்தாலும் பரவும்.

அப்புறம், நிறுவனம் வேறு, கப்பல் வேறு. ராயல் கரீபியன் என்ற பயணக் கப்பல் நிறுவனத்தில் 1996-இல் வந்த கிராண்டியர் ஆஃப் தி சீஸும் உண்டு, 2024-இல் வந்த ஐகான் ஆஃப் தி சீஸும் உண்டு. முன்னதில் அறை பழசு என்ற புகார் பின்னதைப் பற்றி என்ன சொல்லும்?

"துறைமுகத்தில் நிறுத்தவே இல்லை, ஏமாற்று" என்ற ரகப் புகாரையும் தள்ளிவிடலாம். காற்று பலமாக இருந்தால் கேப்டன் பாதையை மாற்றலாம் என்று டிக்கெட் ஒப்பந்தத்திலேயே இருக்கும். அதை யார் படிக்கிறார்கள்!

அதற்காக எல்லாக் குறையையும் ஒதுக்கச் சொல்லவில்லை. ஒரே கப்பலில், சில மாத இடைவெளியில், வெவ்வேறு ஆட்கள் ஏசி வேலை செய்யவில்லை என்றோ பணம் திரும்ப வரவில்லை என்றோ எழுதினால் நான் அந்தக் கப்பலில் டிக்கெட் பதிவு செய்ய மாட்டேன்.