2,500 சதுர அடி வரை அனுமதியே வேண்டாமா?

கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது: "2,500 சதுர அடி வரை கட்டட அனுமதியை அரசு ரத்து செய்துவிட்டது. அடித்தளத்தில் பாத்ரூம் கட்டக்கூட யாரையும் கேட்க வேண்டியதில்லை."

இது தவறு. 2024 ஜூலையில் வந்தது சுயசான்றுத் திட்டம். அனுமதி ரத்தாகவில்லை, வாங்கும் வழிதான் எளிதானது. 2,500 சதுர அடி வரையுள்ள மனையில், 3,500 சதுர அடி வரை வீடு கட்டுபவர்கள் ஒற்றைச் சாளர இணையதளத்தில் வரைபடமும் ஆவணங்களும் ஏற்றி, கட்டணம் செலுத்தினால் உடனே அனுமதி கிடைக்கும். அதிகாரிகள் முன்கூட்டியே வந்து பார்க்கும் ஆய்வு மட்டும் கிடையாது. விதியை மீறாமல் கட்டுவதாகச் சான்று சொல்வது நீங்கள், அதனால் பொறுப்பும் உங்களுடையதுதானுங்க.

அப்புறம், அந்தத் திட்டம் பேசுவது தரைத்தளம், அல்லது தரைத்தளமும் முதல் தளமும் உள்ள வீடுகளைத்தான். தரைக்குக் கீழே வரும் அடித்தளத்தைச் செய்தி எழுதியவர் தானாகச் சேர்த்துக்கொண்டார் போல.

அடித்தளப் பாத்ரூமில் இன்னொரு சிக்கலும் உண்டு. அதன் தரை பெரும்பாலும் தெருச் சாக்கடைக் குழாயைவிடத் தாழ்வாக இருக்கும். கழிவுநீர் தானாக வெளியே ஓடாது. தொட்டியில் சேர்த்து மோட்டார் வைத்து ஏற்ற வேண்டும். திரும்பி வராமல் தடுக்கும் வால்வும் தேவை. இல்லையென்றால் பெருமழையில் சாக்கடைத் தண்ணீர் வீட்டுக்குள் வரும். கொத்தனார் "பார்த்துக்கலாங்க" என்று சொன்னால் போதாது. பாதாளச் சாக்கடை இணைப்புக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும்.

அந்தச் செய்தி வந்தால் தயவுசெய்து மற்றவர்களுக்கு அனுப்பாதீர்கள். சந்தேகம் இருந்தால் உங்கள் மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி அல்லது ஊராட்சி அலுவலகத்தில், வரைபடத்தோடு போய்க் கேளுங்கள்.